கித்தாப் பெட்டியில் எழுதிய பெயர்கள்

மலாயாவில் பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி, ஈப்போவுக்குப் போகும் சாலையில், எங்கள் பேச்சில் சடக்கில், நடந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வலது காலை முழுசாக ஊன்ற முடியவில்லை. குதிகாலை மட்டும் வைத்து வைத்துப் போனேன். சித்தியவான் பக்கத்தில் நான் வேலை பார்த்த தோட்டத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தது புண்ணாகி, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. தோளில் ஒரு மூட்டை. அதில் மாற்று வேட்டி, போர்வை, ஒரு பித்தளைச் செம்பு. செம்பைப் போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தும் அது நடைக்கு நடை முதுகில் இடித்தது.

தோட்டத்தை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கித்தா விலை விழுந்திருந்த காலம் அது. ரப்பரை நாங்கள் கித்தா என்போம்; மரத்தைப் பால்மரம் என்போம். பாலுக்குப் பட்டையைக் கீறி மரம் வெட்டுவதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். சம்பளமும் அப்படியே பாதியாயிற்று. பல வீடுகளில் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலை இல்லாமல் திரிகிறவர்களைப் பிடித்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. எனக்கு நாகப்பட்டினத்தில் யாரும் இல்லை. நான் பிறந்தது பாரிட் புந்தார் பக்கத்தில், அப்போது கரும்பு போட்டிருந்த ஒரு தோட்டத்தில். இங்கேயே பிறந்த என்னைத் திருப்பி அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவார்கள்?

ஆனால் விலை விழாமல் இருந்தாலும் நான் போயிருப்பேன். ஒரே இடத்தில் இரண்டாவது பொங்கல் வந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. படிப்பும் அப்படித்தான் போயிற்று. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நன்றாகவே வந்தது. பிறகு பாதிரிமார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கில எழுத்துகளைப் படித்தேன். எழுத்துகள் முடிந்து சொற்கள் தொடங்க இருந்த சமயத்தில் அப்பா வேறு தோட்டத்துக்கு மாறினார். ஆகவே ஆங்கில எழுத்து அத்தனையும் எனக்குத் தெரியும். அவற்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒதுங்கி நின்றேன். மாட்டுவண்டி. மாடுகளின் கொம்புக்குப் புதிதாகச் சாயம் அடித்து, நெற்றியில் சந்தனம் பூசியிருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தலைப்பாகை கட்டிய வண்டிக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்கினார்.

“ஏன் தம்பி, ஒத்தக் கால எங்கயாச்சும் அடகு வெச்சிட்டியா?”

“அட்டை கடிச்சது அண்ணே.”

“அட்டையா, ஆனையா? இந்தா, ஏறு. ஈப்போதானே? நானும் அங்கதான் போறேன்லா.”

ஏறினேன். அவர் என் காலை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்திருந்த ஒரு சிரட்டையிலிருந்து வழித்து அப்பி, தன் தலைப்பாகையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். பிறகு ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டார். பூஜைக்குப் படைத்த பொரியும் கடலையும், ஒரு துண்டு வெல்லமும். நான் சாப்பிட்டு வெகு நேரமாகியிருந்தது. கேட்காமல் கொடுத்தார், கொடுத்ததைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பொரியைப் போல ஒன்று வாய்க்குக் கிடைத்ததில்லை.

வயிறு நிறைந்த பிறகுதான் சுமையைப் பார்த்தேன். வண்டி நிறையப் பலகைப் பெட்டிகள். பாலை உறைய வைத்து உருட்டி, புகை போட்டு உலர்த்திய கித்தாச் சீட்டுகளை அடுக்கி ஆணி அடித்தவை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கறுப்பு மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகளின் மேலேயே, கோப்பிக் கோப்பையின் வாயளவுக்கு, ஒரு குங்குமப் பொட்டு. மழை நனைத்த பலகையில் பொட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

“எழுத்து மேலயே வெச்சிருக்கீங்களே அண்ணே?”

“எழுத்துன்னா யாரு? சரசுவதி. மாட்டுக்குக் கொம்புல, வண்டிக்கு நொகத்துல, பெட்டிக்கு எழுத்துல. வேற எங்க வெப்பாங்க?”

“மழையில கரையவே இல்லையே?”

அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே வழியெல்லாம் காத்திருந்தவர் போல இருந்தது.

“தண்ணில கொழச்சு வெச்சா லஹாட் தாண்டறதுக்குள்ள போயிரும் தம்பி. கோயில் பொட்டு, சடக்குல ஒழுகலாமா? நான் என்ன பண்ணினேன், மங்குல இருந்த பால்லயே கொழச்சிட்டேன். காஞ்சு புடிச்சிருச்சு பாரு. இனி எவன் தொடச்சாலும் போவாது.”

மரத்தில் கட்டியிருக்கும் மங்கில் வடியும் பால், காய்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்களைவிட அறிந்தவர்கள் கிடையாது. நானும் அதை நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

போகப் போக அவர் தன் நிலைமையைச் சொன்னார். ஈப்போவில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சீன முதலாளியின் கிட்டங்கி; தவுக்கே என்று கூப்பிடுவார்கள். சின்னத் தோட்டங்களிலிருந்து கித்தாவை வாங்கி ரயிலில் பினாங்குக்கு அனுப்புகிறவர். போன தடவை ஒரு பெட்டி நனைந்து போயிற்றாம். இன்னொரு சுமையில் குறை வந்தால் வண்டிக்கு இனி வேலை இல்லை, லோரிக்குத்தான் என்று தவுக்கே சொல்லிவிட்டார். லோரிக்காரன் தினமும் கிட்டங்கி வாசலில் வந்து நிற்கிறான். இந்தச் சுமை அன்று சாயங்கால ரயிலில் ஏறியாக வேண்டும்.

“ஏறலன்னா?”

“மாட்ட வித்திட்டு நானும் உங்கூட நடக்க வேண்டியதுதான்” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சாட்டையை அவர் பிடித்த பிடி மாறியது.

மெங்லெம்புவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஈயம் தோண்டிய குட்டைகளும், அவற்றுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகளும் வந்தன. வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் கிட்டங்கி வாசலுக்குப் போனபோது பிற்பகல்.

அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே பூசணம் பிடித்த சீட்டு இருந்தால், மூடி, முகப்பில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவார்கள். வட்டம் விழுந்த பெட்டியைப் பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாது. வண்டிக்காரருக்குத் தெரியும், சுமை இறக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் தன் கையால் வைத்த பொட்டை அவர் ஒரு வட்டமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. அது பொட்டு.

தவுக்கே வெளியே வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி நடந்து மறுபக்கமும் பார்த்தார். “தா போலே” என்றார். முடியாது என்பதற்கு மலாய்.

“தவுக்கே, இது பொட்டு! சாமி பொட்டு!” என்று வண்டிக்காரர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

தவுக்கே தலையாட்டினார். தமிழர்கள் நிறைந்த ஊரில் அவர் பொட்டைப் பார்க்காதவரா? மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த கிராணி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். கணக்குப் பார்க்கிற அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, நெற்றியில் அழிந்தும் அழியாமலும் திருநீறு.

“தனக்கு இது பொட்டு எண்டு தெரியுமாம். பினாங்கிலை இருக்கிறவனுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறார். அவன் பாத்தவுடனை, ஆரோ கழிச்ச சரக்கைத் தள்ளி விடுறாங்கள் எண்டுதான் நினைப்பான். அழிச்சுப்போட்டுக் கொண்டு வரட்டாம். உது என்ன, வெறும் குங்குமம்தானே?”

வண்டிக்காரர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், “பால்ல கொழச்சதுங்க ஐயா.”

“பாலிலையோ? மாட்டுப் பாலோ?”

“மரத்துப் பாலு.”

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “உங்களுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

இதற்குள் எங்களுக்குப் பின்னால் லோரி வந்து நின்று, ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. லோரிக்காரன் தலையை நீட்டினான். தமிழன்தான்.

“என்ன மச்சான், மாட்டுக்கும் பொட்டு, பெட்டிக்கும் பொட்டு. பொண்ண எங்க காணோம்?”

வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு பெட்டியின் மேல் குனிந்து நகத்தால் பொட்டின் ஓரத்தைக் கிளப்பினார். காய்ந்த பால் தோல் போல உரிந்து வந்தது. ஆனால் சிவப்பு பலகைக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். வட்டம் அப்படியே இருந்தது. நான் தேங்காய் நார் கொண்டு வந்து தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஹாரன் நின்றது. லோரிக்காரன் இறங்கி வந்தான். கையில் ஒரு தகர டப்பா.

“தள்ளு. நீ நகராம நான் உள்ள போக முடியாதுலா. என் டயர்ல ஒட்டுற பாலுக்கு எது போடறேன் தெரியுமா? இது.”

பெட்ரோல். ஒரு கந்தலை நனைத்துத் தேய்த்தான். பால் குழைந்து, உருண்டு, கந்தலோடு வந்தது. சிவப்பும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதியை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினால் பலகை வெள்ளையாகிவிடும் போலிருந்தது. வண்டிக்காரர் அவனைப் பார்த்தார்.

“என்னையப் பாக்காத. பெட்டியப் பாரு” என்றான் அவன். பெட்ரோல் டப்பாவை வைத்துவிட்டுப் போய் லோரியின் நிழலில் உட்கார்ந்தான். சுருட்டு பற்ற வைக்கப் போனவனைக் கிராணி பெரிய சத்தம் போட்டு நிறுத்தினார்.

நாங்கள் இருவரும் துடைக்க, பொட்டு போயிற்று. பொட்டோடு எழுத்தும் போயிற்று. கறுப்பு மையும் எண்ணெயில் குழைத்ததுதானே, பெட்ரோலுக்கு அது மட்டும் எப்படித் தப்பும்? பாதிப் பெட்டிகள் முடிந்த பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது. வெறும் பலகையாக நின்ற பெட்டிகளைப் பார்த்துக் கிராணி தலையில் கை வைத்தார். எழுதிய பெயர் இல்லாத பெட்டியை ரயிலில் ஏற்ற மாட்டார்கள். காலிப் பெட்டிகளுக்கு இங்கேயே பெயர் அடித்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிற ஆள் அந்த வாரம்தான் கம்பார் பக்கம் ஈய வேலைக்குப் போய்விட்டான். அவருக்கோ மற்ற சரக்கை நிறுத்துப் போட வேண்டும்.

“ஐயா, நான் அடிக்கிறேன்” என்றேன். “தோட்டத்தில மரத்துக்கு நம்பர் அடிச்சிருக்கேன்.”

“இங்கிலீசு வாசிப்பீரோ?”

“எழுத்துத் தெரியும்.”

“அது போதும். வாசிக்கத் தேவையில்லை. வாரும்.”

உள்ளே சுவரில் வரிசையாக ஆணி அடித்து, துத்தநாகத் தகடுகளை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தகட்டிலும் எழுத்துகளை வெட்டி எடுத்திருந்தது. தகட்டைப் பெட்டியில் வைத்து, மைத் தூரிகையால் குத்தினால் எழுத்து பலகையில் விழும். நான் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் ஆர், யூ, பி, பி, ஈ, ஆர். இன்னொன்று கே என்று தொடங்கி கே என்றே முடிந்தது. நடுவில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது சி, ஏ, யூ, சி, எச், ஓ. நான்காவது பி என்று தொடங்கியது. அதில் மட்டும் தூசி படிந்திருந்தது. கிராணி ஐந்தாவதை எடுத்து என் கையில் கொடுத்தார். சி, ஏ, ஓ, யூ, டி, சி, எச், ஓ, யூ, சி. இரண்டு தடவை எண்ணினேன். பத்து எழுத்து.

“இது என்ன சரக்குங்க ஐயா?”

“நீர் கொண்டு வந்த சரக்குத்தான். எல்லாம் ஒரே சரக்கு. வாங்கிறவன்தான் வேறை. இது பிரான்சுக்கு.”

“பத்து எழுத்தா? கித்தாவுக்கா?”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “பத்து எழுதுவான். சொல்லேக்கை பாதியை விழுங்கிப்போடுவான். காவுச்சூ எண்டுதான் சொல்லுறது. கடைசியிலை நிக்கிற சி சும்மா நிக்குது.”

முதல் பெட்டியைக் கெடுத்தேன். மையை அதிகமாகத் தோய்த்துவிட்டேன். தகட்டுக்கு அடியில் ஓடி, சி எல்லாம் ஓ ஆகிவிட்டது. பெட்ரோல் போட்டுத் துடைத்து மறுபடி ஆரம்பித்தோம். தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்து, ஏறக்குறைய உலர்ந்த மாதிரி ஆக்கி, இழுக்காமல் நேராகக் குத்த வேண்டும். மரத்தில் நம்பர் அடிக்கும்போதும் அப்படித்தான். பதற்றத்தில் மறந்துவிட்டேன். வண்டிக்காரர் தகட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். தகடு அசையக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். நான் குத்தினேன். இரண்டாவது பெட்டி நன்றாக வந்தது. மூன்றாவது இன்னும் நன்றாக வந்தது.

பக்கத்துத் தராசில் சரக்கை நிறுத்தபடியே கிராணி எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வேலை சலித்துப் போயிருக்க வேண்டும். கடலுக்கு அப்பால், தென் அமெரிக்காவில், காட்டுக்குள் இருந்த சனங்கள்தான் முதலில் இந்தப் பாலுக்குப் பெயர் வைத்தார்களாம். எங்கள் மரத்துக்கும் பூர்வீகம் அந்தக் காடுதானாம். ஸ்பெயின்காரன் அந்தப் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதினான்: கௌச்சோ. பிரெஞ்சுக்காரன் தன் பங்குக்கு எழுத்துகளை அள்ளிப் போட்டான். ஜெர்மன்காரன் பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்து, கே போட்டுத் தொடங்கி, கே போட்டு முடித்தான்.

“அந்தச் சனத்தின்ரை பாசையிலை, அழுகிற மரம் எண்டு அர்த்தமாம்” என்றார் கிராணி.

வண்டிக்காரர் தகட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “மரம் எங்கங்க அழுவுது? வெட்டறவன்ல அழுவுறான்.”

“அப்ப இங்கிலீசுக்காரன் சொல்றது?” என்று கேட்டேன்.

“அவன் பென்சிலாலை எழுதினதை இதாலை அழிச்சுப் பாத்தான். அழியுது. அழிக்கிற சாமான் எண்டு பேர் வைச்சிட்டான். அவ்வளவுதான்.”

“போச்சு போ” என்றார் வண்டிக்காரர். “நாம வெயிலு மழைன்னு பாக்காம வெட்டறது அவன் பென்சிலுக்கா?”

லோரியின் நிழலில் இருந்தவனும் சிரித்துவிட்டான்.

தூசி படிந்த தகட்டைப் பற்றியும் கேட்டேன். அது போர்த்துக்கீசியர் சொல் என்றார் கிராணி, பொர்ராஷா. அவர்கள் ஊரில் சாராயம் ஊற்றி வைக்கிற தோல் பைக்கு முதலில் அந்தப் பெயராம். காட்டுச் சனங்கள் பாலைக் காய்ச்சிக் குப்பி செய்வதைப் பார்த்துப் பழைய பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். அந்தத் தகட்டை வைத்து ஒரு பெட்டியும் போனதாக அவருக்கு நினைவில்லை. எந்தக் காலத்திலோ, யாரோ வாங்குவார்கள் என்று வெட்டி வைத்தது.

பல வருஷம் கழித்து நான் கப்பலில் கரி அள்ளப் போனேன். மார்செய் துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற ஒருவனிடம் என் தகட்டுச் சொல்லை எழுத்துக்கு எழுத்து, கடைசி சி வரை, சொல்லிக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தானே சொல்லிக் காட்டினான். கிராணி சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஹாம்பர்க்கில் அதே சொல் கனத்த குரலில், ஒரு எழுத்தும் வீணாகாமல் வந்தது. அங்கே கும்மி என்றும் ஒரு சொல் புழக்கத்தில் இருந்தது. பிசினுக்கு உள்ள மிகப் பழைய சொல் அது, கிரேக்கத்துக்கும் முன்னால் எகிப்திலிருந்து வந்தது என்று கப்பலில் ஒரு படித்தவன் சொன்னான். அழுகிற மரம் என்ற கதையை மட்டும் அவன் நம்பவில்லை. யாரோ அழகுக்குக் கட்டியது என்றான். இருக்கலாம். எங்கள் கித்தாகூட மலாய்க்காரர்களின் கெத்தாவைக் கடன் வாங்கியதுதான். மரத்திலிருந்து வடிகிற எதற்கும் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். யாருக்கும் அந்தப் பாலுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கவில்லை. கேட்டதையோ, பக்கத்தில் கிடந்ததையோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். போகிற துறைமுகத்திலெல்லாம் எனக்கு அந்த மொழியில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் முன்பே தெரிந்த சொல் அதுவாக இருந்தது. அதைச் சொன்னால் யாராவது சிரிப்பார்கள்; சிரித்தவன் பெரும்பாலும் ஏதாவது சாப்பிடக் கொடுத்தான். ஒரு மாட்டுவண்டிக்காரரின் சங்கடத்தில் எனக்குக் கிடைத்த சொத்து அது.

வெயில் சாயும்போது கடைசிப் பெட்டியை அடித்தோம். மை முழுக்கக் காயவில்லை. தவுக்கே வந்தார். ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். பெட்ரோல் வாடைக்கு முகத்தைச் சுளித்தார். வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். தவுக்கே அவரைப் பார்க்காமல் வரிசையின் கடைசி வரை போனார். அங்கே நின்று ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். சீட்டுகள் தேன் நிறத்தில், ஒரு புள்ளி இல்லாமல் இருந்தன. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“போலே” என்றார். ஆகலாம்.

பிறகு கிராணியிடம் மலாயில் இன்னும் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“அடுத்த சுமையும் நீரே கொண்டு வரட்டாம்” என்றார் கிராணி வண்டிக்காரரிடம். “மழை விடும் மட்டும் அந்த மண் பாதையிலை லோரி இறங்காதாம். அதுக்குப் பிறகு பாப்பமாம். பொட்டு வைக்கிறதெண்டால் மாட்டோடை நிப்பாட்டட்டாம்.”

“பாப்போம்னா பாப்போம்” என்றார் வண்டிக்காரர். அவருக்கு அன்று அது போதும். பெட்டிகள் ரயில் வெகனில் ஏறிய பிறகுதான் தலைப்பாகையைத் திரும்பக் கட்டினார். லோரிக்காரனிடம் போய் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் மீதிப் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

“எனக்கு என்னத்துக்கு? வண்டிய எடு முதல்ல” என்றான் அவன். பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

வண்டிக்காரர் மாட்டைப் பூட்டினார். “தம்பி, நீ என்னோட வாரியா? எங்க தோட்டத்தில கேட்டுப் பாக்கலாம்.”

நான் கிராணியைப் பார்த்தேன். அவர் தகடுகளைத் துடைத்து ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: “காலமை சங்கு ஊதினவுடனை வந்தால் வேலை இருக்கு. படுக்கிறதுக்கு, பின்னாலை சாக்குக் கிடக்கு. சோறு கூலியாக்களோடை. காலுக்கு நாளைக்கு ஆசுப்பத்திரியிலை மருந்து போடலாம்.”

வண்டிக்காரர் என் தோளில் தட்டினார். “இருந்துக்கோ. நடக்கறத விட இது நல்லதுலா.” காலில் கட்டியிருந்த துணி முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அவரை அதற்குப் பிறகும் சுமையோடு பல தடவை பார்த்தேன். லோரி அவர் வேலையைக் கடைசியில் எடுத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்பே நான் ஈப்போவை விட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் காலை சங்கு ஊதியபோது நான் வாசலில் நின்றேன். ராத்திரி சாக்கில் நன்றாகத் தூங்கியிருந்தேன். கிராணி வந்து பூட்டைத் திறந்தார். எனக்கு ஒரு மை டப்பாவும் தூரிகையும் கொடுத்தார். இத்தாலியில் ஜெனோவாவுக்குப் போகிற பெட்டிகள் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன. சுவரில் இல்லாத இன்னொரு தகட்டை, கித்தாவுக்கு இத்தாலிக்காரன் எழுதுவதை, மேசைக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார். அதன் கடைசி எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருந்தது.

“உந்தக் கோடு விழாட்டி அவனுக்குப் பிழை. மறக்காமல் குத்தும்.”

“சரிங்க ஐயா” என்று சொல்லி, தகட்டை முதல் பெட்டியில் வைத்தேன். இப்போது பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு முழங்காலால் அதை அமுக்கிக்கொண்டு, தூரிகையை விளிம்பில் வழித்து, கோட்டிலிருந்து ஆரம்பித்தேன்.